சோறு நஞ்சல்ல

கனடாவில் வாழும் என் தமக்கையார் கடந்த மாதம் தமது வீட்டுச் சமையலறையில் மயங்கி விழுந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உட்கொண்டு வருபவர் அவர். மாச்சத்து முழுவதுமே நஞ்சு என்று யாரோ ஒருவர் காணொளியில் அடித்துக் கூறியதைக் கேட்டு, சோறு, பாண், இடியப்பம் யாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார். மாத்திரையை மட்டும் வழமைபோல் தொடர்ந்திருக்கிறார். குருதியில் குளுக்கோசின் அளவு அபாயகரமாகத் தாழ்ந்துவிட்டது. மகள் வேளைக்கு வீடு திரும்பியதால் உயிர் தப்பினார்.

"தம்பி, சோறுதான் எங்கட சனத்தைக் கொல்லுது எண்டு சொல்லுகினமே, அது பொய்யோ?" என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. நான் மருத்துவன் அல்லன், கலைப்பட்டதாரி. ஆனால் எனக்கும் நீரிழிவு உண்டு. பத்திரிகைப் பணிமனையில் இரவுக் கடமை, நள்ளிரவில் பாணும் பருப்பும், மணிக்கொரு தரம் இரண்டு கரண்டி சீனியிட்ட தேநீர் எனக் கழிந்த முப்பது ஆண்டுகளின் அறுவடை அது. ஆகவே இக்கேள்வி எனக்கும் உரியது.

காபோவைதரேற்றுகளை எளியவை, சிக்கலானவை என இரண்டாக வகுப்பர். சீனியும் தேனும் எளியவை. தானியங்கள், பருப்பு வகைகள், கிழங்குகள் ஆகியவற்றிலுள்ள மாப்பொருளும் நார்ப்பொருளும் சிக்கலானவை. பல வெல்ல அலகுகள் நீண்ட சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. ஆயினும் இப்பெயர் ஒன்றே நம்மைக் காப்பாற்றிவிடாது. தீட்டிய வெள்ளை அரிசியிலும் கோதுமை மாவிலும் இருப்பதும் சிக்கலான மாப்பொருளே. ஆனால், அவற்றின் தவிடும் முளையும் நீக்கப்பட்டுவிட்டதால் அது விரைவாகச் செரித்துக் குளுக்கோசாகிக் குருதியிற் பாய்கிறது. ஓர் உணவு எவ்வளவு விரைவாகக் குருதிக் குளுக்கோசை உயர்த்துகிறது என்பதை அளக்கும் கிளைசீமிக் சுட்டி என்னும் அளவுகோலை 1981 இல் டேவிட் ஜென்கின்சும் அவரது சகாக்களும் ரொறன்ரோவில் வகுத்தபோது இவ்வுண்மை தெளிவாயிற்று.

தவிட்டின் பெருமை அதற்கும் முன்னரே அறியப்பட்டதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாவில் பணியாற்றிய ஒல்லாந்த மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் பெரிபெரி போன்ற நோயுற்றதையும், தீட்டாத அரிசி கொடுத்தபோது அவை தேறியதையும் கண்டார். அதற்கான நோபல் பரிசு அவரை 1929 இல் வந்தடைந்தது. நாமோ இன்னமும் வெண்மையையே நாகரிகம் என எண்ணுகிறோம்.

என் பாட்டியார் மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு சமைத்தார். குரக்கன் புட்டு அவித்தார். காலையில் அவித்த பயறோ கௌபியோ தேங்காய்ப்பூவுடன் தட்டில் இருக்கும். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கும் கூடுதலான கல்சியம் உண்டு. வெள்ளை அரிசியில் அதன் பத்திலொரு பங்குகூட இல்லை. இவற்றையெல்லாம் ஏழைகளின் உணவு என்று ஒதுக்கியவர்கள் நாமே. இன்றோ அவை அங்காடிகளில் அழகிய பைகளில் கூடிய விலைக்கு விற்கப்படுகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டலும் மாச்சத்தை விலக்கச் சொல்லவில்லை. முழுத்தானியம், மரக்கறி, பழம், பருப்பு வகைகள் ஆகியவற்றிலிருந்தே அதனைப் பெரிதும் பெறுக என்றும், வயது வந்தோர் நாளொன்றுக்கு 25 கிராம் நார்ப்பொருளேனும் உட்கொள்க என்றும் அது கூறுகிறது. 2018 இல் லான்செட் குழும மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வொன்று, சக்தியில் ஏறத்தாழ 50 முதல் 55 சதவீதத்தை மாச்சத்திலிருந்து பெற்றவர்களிடையே இறப்பு வீதம் மிகக் குறைவாக இருந்ததைக் காட்டிற்று. மிகக் குறைத்தவர்களிடமும் மிகக் கூட்டியவர்களிடமும் அது உயர்ந்தே காணப்பட்டது. அவதானிப்பு ஆய்வு என்பதால் அதுவே இறுதித் தீர்ப்பாகாது. எனினும் இரு துருவங்களிலும் நன்மை காணப்படவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

மறுபுறம், குரக்கன் என்றால் அளவின்றி உண்ணலாம் என நம்புவோரும் நம்மிடையே உளர். அதுவும் தவறே. நார்ப்பொருள் போக எஞ்சும் மாப்பொருள் எதுவாயினும் முடிவில் குளுக்கோசாகவே மாறும். தானியத்தை நொய்ய அரைக்க அரைக்கச் செரிமானமும் விரைவுபடும். குரக்கன் புட்டைச் சீனியுடன் குழைத்து உண்டுவிட்டு ஆரோக்கியம் பேசுவது நம்மை நாமே ஏமாற்றுவதாகும்.

உண்மையில் நமது பிழை சோற்றில் இல்லை. கோப்பையில் அது பிடிக்கும் இடத்தில் இருக்கிறது. மலைபோற் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி கறி என்பதே நம்மவர் வழக்கம். அரைக்கோப்பை மரக்கறியும் கீரையும், காற்கோப்பை பருப்போ மீனோ, எஞ்சிய காற்கோப்பை சிவப்பரிசிச் சோறு என்று மாற்றினால் எதையும் துறக்கவேண்டியதில்லை. வயலில் உழைத்த நம் முன்னோர் உண்ட அளவை, நாற்காலியில் அமர்ந்து உழைக்கும் நாம் உண்பது எவ்வகை நியாயம்?

அரசுக்கும் இதிற் கடமையுண்டு. வெள்ளை மா மலிவாகவும் தவிடு நீக்காத அரிசி அரிதாகவும் இருக்கும் நாட்டில், நல்லுணவு உண்ணுங்கள் என்று ஏழைக்கு உபதேசிப்பதில் பொருளில்லை. 2022 இன் நெருக்கடியில் ஒருவேளை உணவைக் குறைத்துக்கொண்ட குடும்பங்களை இக்கண்களால் கண்டவன் நான். பாடசாலை உணவிலும் நிவாரணப் பொதியிலும் சிவப்பரிசியும் பயறும் குரக்கனும் இடம்பெறவேண்டும்.

தமக்கையாருக்கு நான் சொன்னது இதுதான்: "அக்கா, சோறும் நஞ்சில்லை, அமிர்தமும் இல்லை. டொக்டரைக் கேட்காமல் எதையும் நிற்பாட்டாதேங்கோ." இப்போது அவர் மருத்துவரின் ஆலோசனைப்படி மாத்திரையின் அளவை மாற்றி, மதியத்தில் ஒரு சிறு கிண்ணம் சிவப்பரிசிச் சோறு உண்கிறார். புலம்பெயர்ந்த நாடுகளிலும் தாயகத்திலும் காணொளிகளை நம்பிப் பட்டினி கிடக்கும் அக்காமாரும் அண்ணன்மாரும் இதனைச் சற்றுக் கவனத்திற் கொள்வார்களாக.