எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர்?

ஐப்பசி பிறந்து வானம் இருட்டிக்கொண்டு வந்தால் சென்னைவாசிகளுக்கு ஒரே கேள்விதான்: "உங்க பக்கம் தண்ணி நிக்குதா?" தாம்பரத்து நாத்தனார் கேட்பாள், வேளச்சேரி ஓர்ப்படி கேட்பாள், பால் போடுகிறவர்கூடக் கேட்பார். ஊர் முழுவதற்குமான பதில் ஒரே இடத்தில் கிடைத்தால் எத்தனை சௌகரியம்! அதற்கும் வழி இருக்கிறது. போன இதழில் மழைக்காலக் கஷாயம் எழுதினேன். இம்முறை கம்ப்யூட்டர் சமாசாரம். பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே!

2015-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி மழையை யாரால் மறக்க முடியும்? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அடையாறு கரை புரண்டு வீடுகளுக்குள் வந்துவிட்டது. அந்த மழைக்காலத்தில்தான், வரைபடக் கலை தெரிந்த சிலர் சென்னைத் தெருக்கள் எல்லாம் கோடு கோடாகத் தெரியும் படம் ஒன்றை இன்டர்நெட்டில் போட்டார்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் அந்தக் கோட்டைத் தொடவேண்டியது. கோடு நிறம் மாறிவிடும். அவ்வளவுதான்! ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களை ஜனங்களே குறித்தார்கள். அடியில் இருந்த தெருப்படமும் ஜனங்கள் வரைந்ததுதான். 2004-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்த 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்கிற பொதுப்படம் அது.

இதில் 'க்ளவுட்' என்று ஒன்று அடிபடுகிறது. "மழையைக் கொட்டுறதும் மேகம், கணக்கு வெச்சுக்கறதும் மேகமா?" என்று என் மாமியார் சிரித்தார். மேகமும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கோ பெரிய பெரிய கூடங்களில் அடுக்கிவைத்திருக்கும் கணிப்பொறிகளை வாடகைக்கு எடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். நம் வீட்டில் நாலு பேருக்குச் சமைக்க ஒரு குக்கர் போதும். கல்யாணம் என்றால்? அண்டா, குண்டான், கரண்டி எல்லாம் வாடகைக்கு எடுக்கிறோம். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். வெள்ள வரைபடமும் அப்படித்தான். பங்குனி, சித்திரையில் அதை எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. மழை கொட்டும் ராத்திரியிலோ லட்சம் பேர் ஒரே சமயத்தில் வந்து நிற்பார்கள். அன்றைக்கு மட்டும் கூடுதல் கணிப்பொறிகள் தாமாகவே சேர்ந்துகொள்ளும். இன்னொரு லாபம்: வெள்ளம் வந்த ஊரில் கரன்ட் போனாலும் எங்கோ இருக்கிற அந்தக் கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இதை நன்றாகச் செய்து காட்டியவர்கள் இந்தோனேஷியாக்காரர்கள். ஜகார்த்தா நகரின் பேரிடர் இலாகாவும் ஆஸ்திரேலியாவின் உலொங்கொங் சர்வகலாசாலையும் சேர்ந்து 2014 டிசம்பரில் ஆரம்பித்தார்கள். அவர்கள் பாஷையில் 'பஞ்சிர்' என்றால் வெள்ளம். அப்போதெல்லாம் ட்விட்டரில் யாராவது 'பஞ்சிர்' என்று புலம்பினால் போதும், "நீங்கள் இருக்கும் இடத்தைக் குறிப்பிட்டு உறுதி செய்யுங்கள்" என்று யந்திரமே பதில் போடும். உறுதி செய்தால் படத்தில் ஏறிவிடும். புலம்பலைக்கூட உபயோகமாக்கிய சாமர்த்தியத்தைப் பாருங்கள்! பிற்பாடு அது 'பெத்தா பென்சானா' என்ற பெயரில் வளர்ந்தது. தண்ணீர் எத்தனை ஆழம் என்றுகூட அதில் சொல்லலாம். 2020 ஜனவரி 1-ந் தேதி ஜகார்த்தாவின் ஒரு பகுதியில் ஒரே நாளில் 37 சென்டிமீட்டர் மழை பெய்து, அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அப்போதும் எந்த வழியாகத் தப்பலாம் என்று ஜனங்கள் அந்தப் படத்தைத்தான் பார்த்தார்கள்.

ஆனால் எனக்கு ஒரு கவலை உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்த மறுநாள். எங்கள் தெருக்கோடி அம்மாளின் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒரு முறை தவறிவிட்டது, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. "அக்கா, எந்த வழியா போனா வண்டி போகும்?" என்று ஓடி வந்தாள். "இரும்மா, கேட்டுச் சொல்றேன்" என்று மொட்டைமாடிக்குப் போய், சிக்னல் கிடைத்த மூலையில் நின்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஆஸ்பத்திரிக்கு மூன்று வழி. ஒரு வழியில் முழங்காலுக்கு மேல். இன்னொன்றில் கணுக்கால்தான், போகலாம். மூன்றாவது வழியில் இருந்தவர்கள் யாருமே போனை எடுக்கவில்லை. கணுக்கால் வழியில் போய்ச் சேர்ந்தார்கள்; அவர் பிழைத்தார். அந்த மூன்றாவது தெருவில் இடுப்பளவு தண்ணீராம்! முதல் நாளே கரன்ட் போய், போனெல்லாம் செத்துக் கிடந்திருக்கிறது.

வரைபடத்திலும் அதே கதைதான். குறி இல்லாத தெரு என்றால் தண்ணீர் இல்லாத தெரு என்று அர்த்தமில்லை. சொல்ல ஆள் இல்லாத தெருவாகவும் இருக்கலாம். போன் இல்லாத கிழவிகள், ஆற்றோரக் குடிசைக்காரர்கள், இவர்கள் இருக்கும் இடம்தான் படத்தில் வெறுமையாகத் தெரியும். அதனால் குறிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்துச் சந்துக்காகவும் சேர்த்துக் குறிக்கவேண்டும் என்பேன்.

குறிக்கும்போது 'ஒரே தண்ணீர்' என்று எழுதாதீர்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். மணியையும் போடுங்கள். அளக்கிறேன் என்று தண்ணீரில் மட்டும் இறங்க வேண்டாம், குழந்தைகளையும் போட்டோ எடுக்க அனுப்ப வேண்டாம். மூடி இல்லாத சாக்கடை, அறுந்த மின்கம்பி, போதாததற்கு எலிக்காய்ச்சல் வேறு. மாடியிலிருந்து கேட்டையோ நிற்கும் ஸ்கூட்டரையோ அடையாளம் வைத்துச் சொன்னால் போதும். வீட்டு நம்பர், 'பாட்டி தனியாக இருக்கிறாள்' போன்ற விவரங்கள் ஊர் பார்க்கும் படத்தில் வேண்டாம். அதற்கு மாநகராட்சியின் 1913 இருக்கிறது.

தண்ணீர் வடிந்ததும் அதையும் மறக்காமல் குறித்துவிடுங்கள். முந்தாநாள் போட்ட 'இடுப்பளவு' அப்படியே நின்றால், ஆம்புலன்ஸ் அநாவசியமாக ஊரைச் சுற்றிக்கொண்டு போகும்.