சான்றிதழ் அவர்களுக்கு, நோய் எங்களுக்கா?



பல்கலைக்கழகமும் சுகாதாரத் திணைக்களமும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன என்று பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. படத்தில் இரண்டு பேர் ஆவணத்தைக் கைமாற்றுவார்கள், பின்னால் நாலு பேர் நிற்பார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாரும் அந்தச் செய்தியை வாசிப்பதில்லை. சம்பளம், நாட்பேர், லயத்துக் கூரை என்று தலைக்கு மேல் பிரச்சினை இருக்கும்போது பல்கலைக்கழகத்து உடன்படிக்கையால் எமக்கு என்ன என்று கேட்பீர்கள். ஆனால் அந்த உடன்படிக்கையில் 'களம்' என்று ஒரு சொல் இருக்கும். களம் என்பது நாம்தான். நமது வீடும், நமது கிணறும், நமது பிள்ளையின் நிறையும் உயரமும்தான் அந்தக் களம். ஆகையால் இதைப் பற்றிச் சங்கம் பேசத்தான் வேண்டும்.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். ஒரு மருத்துவபீடம் தரமானது என்று பீடமே சொல்லிக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து ஓர் அமைப்பு வந்து பார்த்து, அளவுகோல் வைத்து அளந்து, 'சரி' என்று சொல்ல வேண்டும். இதற்குத்தான் தர அங்கீகாரம் என்று பெயர். வெளிநாட்டில் படித்த மருத்துவர்களைச் சோதித்து அனுமதிக்கும் அமெரிக்க அமைப்பு 2010ஆம் ஆண்டில் ஓர் அறிவிப்பு விடுத்தது. உலகத் தரத்திற்கு ஏற்ப அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தவர்களை மட்டுமே இனி ஏற்போம் என்பது அதன் சாரம். நடைமுறைக்கு வரும் ஆண்டு பிறகு 2024க்குத் தள்ளிப்போனாலும், அந்த ஓர் அறிவிப்பு உலகம் முழுவதும் மருத்துவபீடங்களை உலுக்கிவிட்டது. இலங்கை மருத்துவ சபையும் தனது அங்கீகார முறையை உலக மருத்துவக் கல்விச் சம்மேளனத்தின் அளவுகோலுக்குக் கொண்டுவந்தது.

அந்த அளவுகோலில் கட்டடமும் நூலகமும் மட்டும் இல்லை. மாணவர்கள் நோயாளியிடம் கற்றார்களா, சமூகத்தில் இறங்கி வேலை பார்த்தார்களா என்றும் கேட்கிறார்கள். மாலபே சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரிப் பிரச்சினை நினைவிருக்கும். அந்தப் பட்டதாரிகளைப் பதிவு செய்ய மருத்துவ சபை மறுத்ததற்குச் சொன்ன முக்கிய காரணம் நடைமுறைப் பயிற்சி போதாது என்பதே. வழக்கு, வேலைநிறுத்தம், ஊர்வலம் என்று நாடே அல்லோலகல்லோலப்பட்டது. கடைசியில் அந்தக் கல்லூரி கலைக்கப்பட்டு, மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டார்கள். 2018 ஜனவரியில் மருத்துவக் கல்விக்கான குறைந்தபட்சத் தராதரங்கள் வர்த்தமானியில் வெளிவந்தன. இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. பணத்தைக் கொட்டிக் கட்டடம் கட்டலாம். நோயாளியையும் ஊரையும் பணம் கொடுத்து வாங்க முடியாது. அவை அரச வைத்தியசாலையிலும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும்தான் இருக்கின்றன. சுகாதாரத் திணைக்களம் கதவைத் திறந்தால்தான் பல்கலைக்கழகத்திற்குச் சான்றிதழ்.

இந்தக் கூட்டு நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1926இல் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. வியாதி வந்த பிறகு மருந்து கொடுப்பதோடு நிற்காமல், வியாதி வராமல் ஊரைப் பார்த்துக்கொள்வது என்ற எண்ணம் அங்கேதான் வேரூன்றியது. இன்று அது தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகமாக வளர்ந்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களையும் குடும்பநல உத்தியோகத்தர்களையும் பயிற்றுவிக்கிறது. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவபீடத்தின் சமுதாய, குடும்ப மருத்துவத் துறைக்குக் கோண்டாவிலில் குடும்ப சுகாதார நிலையம் இருக்கிறது. பேராதனைக்கு ஹிந்தகலயில் இருக்கிறது. நல்ல காரியங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊர்களின் பெயரைக் கவனியுங்கள். பயிற்சி நிலையங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து பஸ்ஸில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பக்கூடிய தூரத்திலேயே அமைகின்றன.

அந்தத் தூரத்தைத் தாண்டிப் போனால் என்ன நடக்கிறது?

வடக்கிலுள்ள தொழிற்சங்க நண்பர்களின் அழைப்பில் அண்மையில் ஊர்காவற்றுறைத் தீவின் புளியங்கூடலுக்குச் சென்றிருந்தோம். அங்கேயும் தோட்டம் என்ற சொல் உண்டு. அவர்களுக்குத் தோட்டம் என்றால் வெங்காயமும் புகையிலையும். எமக்குத் தோட்டம் என்றால் தேயிலை. சொல் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு என்று சிரித்துக்கொண்டோம். பேசப் பேசத்தான் கஷ்டத்தின் பொருள் ஒன்று என்பது தெரிந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து போன குடும்பங்களில் திரும்பி வந்தவை கொஞ்சம். பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய. இளையவர்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, ஊரில் வயது போனவர்கள் தனியே இருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது, பண்ணைத் தாம்போதி வழியே யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸும் ஓடுகிறது. அதனால் இவர்கள் பரவாயில்லை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். நெடுந்தீவுக்குக் கடல் நல்லபடி இருந்தாலே ஒரு மணித்தியாலம் போகும். இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு அந்த ஒரு மணித்தியாலம் என்னவென்று நாம் சொல்லத் தேவையில்லை. லொறியில் ஏற்றி மலைப்பாதையில் இறக்கிய அனுபவம் எமக்கும் உண்டு.

அங்கே ஒரு வயதான அம்மா சொன்னார்: "படிக்கிற பிள்ளையள் வந்தவை. நல்ல பிள்ளையள், அன்பாக் கதைச்சவை. சீனி, பிரசர், தண்ணி, கக்கூசு எல்லாம் கேட்டு எழிதிக்கொண்டு போனவை. பிறகு ஒருத்தரையும் காணேல்லை."

எங்கிருந்து வந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது, எமக்கும் அது முக்கியம் இல்லை. ஏனென்றால் இதே வார்த்தையை மலையகத்துப் பாஷையில் எத்தனையோ லயங்களில் கேட்டிருக்கிறோம்: "படிக்கிற புள்ளைங்க வந்து எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க. அப்பறம் என்னா ஆச்சுன்னு தெரியல." இரண்டு ஊருக்கும் நடுவே முந்நூறு கிலோமீற்றருக்குக் குறையாது. குறை மட்டும் ஒன்று.

பெருந்தோட்டத்தின் கதை இன்னும் பழையது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட முதலாளிமாரின் பொறுப்பில் விட்டது. அந்தப் பிரிவினை இன்னும் முற்றாகத் தீரவில்லை. நாட்டின் ஏனைய மக்களுக்கு அரசாங்க வைத்தியம், எமக்குத் துரையின் டிஸ்பென்சரி. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. சில தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. மற்ற இடங்களில் இன்றும் மருந்து கொடுப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர்தான். அவர்களில் பலர் இரவு பகல் பாராமல் உழைத்தவர்கள். அவர்களைக் குறை சொல்வது எமது நோக்கம் இல்லை. அவர்களுக்கு மேற்பயிற்சியும் முறையான தகுதிச் சான்றும் கிடைக்க யார் என்ன செய்தார்கள் என்பதே எமது கேள்வி.

விளைவு கண்முன்னே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் அது 32 சதவீதம். எமது பிள்ளைகளில் மூன்றில் ஒன்று. இந்தக் கணக்கு எடுக்கப்பட்டது எமது லயங்களில்தான். எண்ணிக்கை வெளியே போனது. அந்த எண்ணிக்கையை வைத்து எத்தனையோ ஆய்வுகள் எழுதப்பட்டன. பிள்ளை அதே உயரத்தில் நிற்கிறது.

இந்த விஷயத்தை வேறு விதமாகச் செய்ய முடியாதா என்று கேட்டால், முடியும். அமெரிக்காவில் 2007இல் பொதுச் சுகாதாரத் திணைக்களங்களுக்கே தர அங்கீகாரம் கொடுக்கும் ஒரு சபை அமைக்கப்பட்டது. 2013 பெப்ரவரியில் முதல் 11 திணைக்களங்கள் அந்த அங்கீகாரத்தைப் பெற்றன. அதற்கு விண்ணப்பிக்கும் திணைக்களம் தன் பகுதி மக்களின் சுகாதார நிலை பற்றிய மதிப்பீடு, அதை மேம்படுத்தும் திட்டம், திணைக்களத்தின் சொந்தச் செயற்திட்டம் என்ற மூன்றையும் காட்ட வேண்டும். மதிப்பீட்டைத் தயாரிக்கையில் அந்த மக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. ஆளணி போதாத திணைக்களங்கள் பல்கலைக்கழகங்களோடு கைகோத்தன. போதனா வைத்தியசாலை என்று இருப்பதுபோல் போதனாச் சுகாதாரத் திணைக்களம் என்ற எண்ணம் அங்கே வளர்ந்தது. மாணவருக்குப் பயிற்சி, திணைக்களத்திற்கு வேலை செய்யும் கை, ஊருக்கு ஒரு திட்டம்.

அமெரிக்கா தூரம் என்றால் வேலூரைப் பாருங்கள். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1970களிலிருந்து கணியம்பாடி, கே.வி. குப்பம் ஆகிய ஒன்றியங்களில் கிராமங்களோடு சேர்ந்து வேலை செய்கிறது. மாணவர் வருவார், தேர்ச்சி பெறுவார், போவார். நிலையம் அங்கேயே இருக்கும். எழுதிக்கொண்டு போன கொப்பி அடுத்த வருஷம் அதே வீட்டுக்குத் திரும்பி வரும். வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

நாம் இப்படிச் சொன்னால் சில பதில்கள் வரும் என்பதும் தெரியும். மாணவர்கள் வருவது படிக்க, ஊரைத் திருத்துவது அவர்களின் வேலை இல்லை என்பார்கள். அது நியாயமான பேச்சுத்தான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு தீவின் சுமையை ஏற்ற நாம் கேட்கவில்லை. சுகாதாரத் திணைக்களத்தில் ஆள் இல்லை என்பார்கள். அதுவும் உண்மை. ஒரு குடும்பநல உத்தியோகத்தருக்குச் சுமார் 3,000 பேர் என்பது கணக்கு. தீவகத்தில் வீட்டுக்கு வீடு இடைவெளி. தோட்டத்தில் டிவிசனுக்கு டிவிசன் மலை. காகிதத்துக் கணக்கு காலுக்குத் தெரியாது. ஆள் இல்லை என்பதால்தான் இந்தக் கூட்டையே நாம் வரவேற்கிறோம். கூட்டில் இரண்டு தரப்பு இலாபம் பெறும்போது மூன்றாம் தரப்பு வெறும் களமாக மட்டும் இருக்கக் கூடாது என்பதே எமது வாதம்.

ஆகவே நான்கு விஷயங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, மருத்துவபீடமும் சுகாதாரத் திணைக்களமும் செய்யும் உடன்படிக்கையில் ஒரு தூரத்து இடமாவது நிரந்தரப் பயிற்சி நிலையமாகக் குறிக்கப்பட வேண்டும். வடக்கில் ஒரு தீவு, மலையகத்தில் ஒரு தோட்டம். ஒரு நாள் சுற்றுலாவாக இல்லாமல், மாணவர் தங்கி வேலை செய்ய விடுதியும் வழிகாட்ட விரிவுரையாளரும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஊரில் திரட்டிய தகவல் ஊருக்குத் திரும்ப வேண்டும். தமிழில், பிரட்டுக்களத்திலோ கோயில் மண்டபத்திலோ கூட்டம் வைத்து, 'உங்களிடம் கேட்டோம், கண்டது இது, இனிச் செய்யப்போவது இது' என்று சொல்ல வேண்டும். அங்கீகாரம் வழங்க வருகிறவர்கள் அந்தக் கூட்டம் நடந்ததா என்று ஊராரிடமே கேட்க வேண்டும்.

மூன்றாவது, அந்த உடன்படிக்கையை மேற்பார்க்கும் குழுவில் மக்களுக்கு இடம் வேண்டும். தோட்டத்தில் தோட்டத் தலைவியும், தீவகத்தில் கடற்றொழிலாளர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் அந்த மேசையில் உட்கார வேண்டும்.

நான்காவது, தர உயர்வு எமது ஆட்களுக்கும் வேண்டும். தோட்ட வைத்திய உதவியாளருக்கும் பிள்ளைமடுவப் பொறுப்பாளருக்கும் அங்கீகரிக்கப்பட்ட மேற்பயிற்சியைப் பல்கலைக்கழகங்கள் நடத்தட்டும். தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர்களாகத் தோட்டத்துப் பெண்பிள்ளைகளையும் தீவகத்துப் பெண்பிள்ளைகளையும் பயிற்றட்டும். அந்த மண்ணிலே பிறந்த பிள்ளைக்கு இடமாற்றம் கேட்டு ஓடும் அவசரம் குறைவு.

தோழர்களே, இவற்றில் எதையும் எமக்கு யாரும் கொண்டுவந்து தரப்போவதில்லை. சம்பளத்தை அப்படி யாரும் தந்ததுண்டா? ஆனால் இங்கே எமது கையில் ஒரு பிடி இருக்கிறது. பல்கலைக்கழகத்திற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குக் களம் வேண்டும். களம் நாம். கொழுந்து பறிக்காமல் தொழிற்சாலை ஓடாது என்பது எமக்குத் தெரிந்த பாடம்தானே.

இதை ஒவ்வொரு கிளைக் கூட்டத்திலும் வாசித்து விவாதியுங்கள். அடுத்த முறை படிக்கிற பிள்ளைகள் கொப்பியோடு லயத்துக்கு வந்தால் அன்போடு வரவேற்று, தேநீர் கொடுத்து, கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். அவர்களும் எம் பிள்ளைகளைப் போன்றவர்கள்தான். போகும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைத் திரும்ப எங்களிடம் எப்போது கொண்டு வருவீர்கள்?" பதிலையும், சொன்னவர் எந்தப் பீடத்திலிருந்து வந்தார் என்பதையும், திகதியையும் தோட்டக் கமிட்டிப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மாவட்டக் காரியாலயத்திற்கு ஒரு பிரதி அனுப்புங்கள். புளியங்கூடல் நண்பர்களும் தங்கள் ஊரில் அப்படியே எழுதி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு புத்தகங்களையும் ஒன்றாக வைத்துக்கொண்டு சுகாதார அமைச்சின் முன் போவோம்.