கைதுக் கணக்கு நீதியாகுமா?

மத்திய அமெரிக்காவில் எல் சல்வடோர் என்றொரு சிறு நாடு உண்டு. பரப்பில் அது நம் இலங்கையின் மூன்றிலொரு பங்கேயாம். எனினும், வலப்பனை மலைச்சாரலில் பயிலும் மாணவர்கூட இன்று அதன் பெயரை அறிவர். "அங்கே செய்தது போல் இங்கும் செய்தாலன்றிப் பாதாளக் கும்பல் ஒழியாது" என்று வாதிடுவோரும் அவருள் உளர். அவ்வாதத்தை எள்ளி நகையாடுதல் தகாது, ஆராய்தலே தகும்.

1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் அந்நாட்டை உலுக்கியது. போருக்கு அஞ்சி லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு ஓடிய குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் ஆங்கே தெருக் கும்பல்களிற் சேர்ந்தனர். பின்னர் அவர்கள் நாடுகடத்தப்பட்டுத் தாயகம் திரும்பியபோது கும்பல்களும் உடன் வந்தன. கடைக்காரரும் பஸ் சாரதிகளும் கப்பம் கட்டியே உயிர் வாழ நேர்ந்தது. 2015ஆம் ஆண்டில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் கொலையுண்டனர். 2022 மார்ச் இறுதியில் மூன்றே நாட்களில் 87 பேர் கொல்லப்படவே, ஜனாதிபதி புக்கேலே அவசரநிலையைக் கொணர்ந்தார். 80,000க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். கொலைகள் வெகுவாகக் குறைந்தன; இதனை மறுப்பது நேர்மையன்று. ஆயினும், நிரபராதிகள் சுமார் 8,000 பேர் விடுவிக்கப்பட்டதாக 2024இல் அவரே கூறினார். அவர்தம் குடும்பத்தார் கண்ணீரோடு கழித்த நாட்களை மீட்டுக் கொடுப்பவர் யார்?

நிற்க. நம் நாட்டிலும் 2023 டிசம்பர் 17இல் 'யுக்திய' என்ற நடவடிக்கை தொடங்கிற்று. அச்சிங்களச் சொல்லுக்கு நீதி என்பது பொருள். சில வாரங்களுக்குள் 29,000க்கு மேற்பட்டோர் கைதாகினர் என்று ஐக்கிய நாடுகளின் நிபுணர்கள் சுட்டிக்காட்டி, அதனை நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு கோரினர். 2024 ஜனவரியில் நாரம்மலையில் சிவில் உடை தரித்த பொலிஸ் அதிகாரி ஒருவரின் குண்டுக்கு லொறிச் சாரதி ஒருவர் பலியானார்.

இத்தனைக்கும் பின்னர் நிகழ்ந்தது யாது? 2025 பெப்ரவரி 19இல் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தினுள்ளேயே, சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவன் கணேமுல்ல சஞ்சீவ என்னும் பாதாள உலகப் புள்ளியைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி உட்சென்றது சட்டப் புத்தகம் ஒன்றில் மறைந்து! கைதுக் கணக்குப் பெருகியது; கும்பலின் கை தளரவில்லை.

முதலிற் கைது, பின்னர் விசாரணை என்னும் முறை மலையகத்தாருக்குப் புதிதன்று. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் தோட்டத்து இளைஞர் பலரும் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கிற் சிறையில் வாடினர். லயத்து வாசலிற் காத்திருந்த தாய்மாரை நம் முதியோர் அறிவர்.

கோவலன் கதையை நாம் வகுப்பில் படிக்கின்றோம். பாண்டியன் ஆராயாது ஆணையிட்டதால் குற்றமற்றவன் மாண்டான் என்பது பாதிப் பாடமே. உண்மைக் கள்வனாகிய பொற்கொல்லன் அதனாலேயே தப்பி நின்றான் என்பது மறுபாதி. விசாரணையற்ற தண்டனை நிரபராதியை வருத்துவதோடு குற்றவாளிக்கு மறைவிடமும் ஆகிறது.

ஆகவே, மாணவச் செல்வங்களே, கும்பலை ஒழிக்க வேண்டுமென்று உரத்துக் கேளுங்கள்; அது நம் உரிமை. ஆனால் எத்தனை பேர் பிடிபட்டனர் என்பதோடு நில்லாது, எத்தனை பேரின் குற்றம் நீதிமன்றில் நிரூபிக்கப்பட்டது என்றும் கேளுங்கள்.