நன்றிக் காணிக்கை யார் வீட்டுக்குப் போக வேண்டும்?

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. மனதில் கொஞ்ச நாளாகக் கிடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். பதிவு சற்று நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் தென்காசி வட்டாரச் சபைகளில் அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம்தான் கலகலப்பு. பூசணிக்காய், வாழைத்தார், தேங்காய், சேவல் எல்லாம் படைக்கப்பட்டு, பிறகு ஏலத்துக்கு வரும். ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். எடுப்பவர் யாரும் ஏமாறுவதில்லை. பழத்துக்கான விலை அல்ல, கடவுளுக்குச் செலுத்தும் நன்றி என்று தெரிந்தே தருகிறார்கள். அதில் எனக்கும் சந்தோஷமே.

என் கேள்வி ஏலம் முடிந்த பிறகு வருவது. அந்தப் பணம் எங்கே போகிறது? வெள்ளையடிப்பு, மைக்செட், சீரியல் விளக்கு, அசனச் செலவு. கஷ்டத்தில் இருக்கும் ஒரு மனிதருக்கென்று போவது மிகக் கொஞ்சம்.

நம் முன்னோர் காட்டிய வழி வேறு. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் 1830-ல் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். துரத்தப்பட்ட ஏழைச் சபையாருக்குக் குடியிருக்க நிலம் வாங்கித் தருவது அதன் முக்கியமான வேலை.

அப்புறம் நம் பாட்டிமார்களின் பிடியரிசி. உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். எல்லார் வீட்டு அரிசியும் ஒன்றாகக் கலந்துவிடும். யார் எவ்வளவு கொடுத்தார் என்று மைக்கில் வாசிக்க வழியே இல்லை. மிசோரம் மாநிலத்துச் சபைகளில் இந்தப் பழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே ஊழியத்துக்கு அது பெரிய வருமானம்.

1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, நம் பணம், நம் ஆட்கள், நம் நிர்வாகம் என்று முடிவு செய்தார்கள். முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. அப்போது அவருக்கு வயது 28. நெல்லைச் சபையாரின் காணிக்கையில், நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கல் பகுதிக்கு ஆட்கள் போய், தெலுங்கு படித்து, ஊழியம் செய்தார்கள். கொடுத்தவர்களில் பலர் ஏழைகள். தாங்கள் பார்த்திராத ஊருக்குக் கொடுத்தார்கள். நாமோ அடுத்த தெருவையே பார்க்காமல் பண்டிகை கொண்டாடுகிறோம்.

வேதமும் இதில் தெளிவாகப் பேசுகிறது. லேவியராகமம் 23-ம் அதிகாரம் பண்டிகைகளின் பட்டியல். அதன் நடுவில், அறுக்கும்போது வயலின் ஓரத்தை எளியவருக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்ற கட்டளை வருகிறது. உபாகமம் 24 கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயும் முன் கொடுக்கச் சொல்கிறது. பண்டிகையையும் கூலியையும் வேதம் பிரித்துப் பார்க்கவில்லை.

எங்கள் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் காலத்தில் படமெடுக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அந்த வயலில் குனிந்து களையெடுத்த பெண்ணை யாரும் படமெடுப்பதில்லை. இரவு விளக்கடியில் பீடி சுற்றும் அக்காமார், கோயிலைப் பெருக்கும் அம்மா, பந்தல் போடுபவர், அசனத்துக்குச் சமைப்பவர் என்று நம் பண்டிகையைத் தாங்கும் கைகள் எத்தனை! அவர்களில் வேறு மதத்தாரும் உண்டு. அவர்களுக்கும் நாம் நன்றிக்கடன் பட்டவர்கள்.

"கோயில் கட்டடமும் வேண்டுமே சார்" என்பார்கள். வேண்டும்தான். முழுவதையும் மாற்றச் சொல்லவில்லை. "கேட்டு வருகிறவர் எல்லாரும் உண்மையில் கஷ்டப்படுகிறவரா?" என்றும் கேட்பார்கள். முப்பது வருஷம் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன்: உண்மையான கஷ்டம் கேட்டு வராது. ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளை காரணம் சொல்லாமலே பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடும். நாம்தான் தேடிப் போக வேண்டும்.

இந்த வருஷம் செய்யக்கூடிய மூன்று காரியங்கள்:

1. நம் வீட்டிலும் வயலிலும் கடையிலும் வேலை செய்தவர்களின் பாக்கியை டிசம்பர் 24-க்கு முன் தீர்ப்போம். நமக்குப் புதுத்துணி எடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். பாக்கியைத் தீர்ப்பது தர்மம் அல்ல, கடன். நன்றி அதற்கு மேலேதான் தொடங்குகிறது.

2. ஏலப் பணத்தில் பத்தில் ஒரு பங்கையாவது படிப்பை நிறுத்தும் நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும், பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனியாகக் கிடக்கும் முதியவர்களுக்கும் ஒதுக்கக் கமிட்டியில் கேட்போம்.

3. கொடுக்கும்போது படம் வேண்டாம், பெயர் வாசிப்பும் வேண்டாம். சேலை வாங்கிய அம்மாவின் முகத்தை வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றவிட்டால், கொடுத்ததைவிட அதிகமாக அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

நான் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தவன். முகம் தெரியாத யாரோ ஒரு பாட்டி எடுத்துவைத்த பிடியும் என் சோற்றில் இருந்திருக்கும். அவருக்குத் திருப்பித் தர முடியாது. அடுத்து வருகிற பிள்ளைக்குத் தரலாம்.

வளைகுடாவிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் என் மாணவர்களே, விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கேக் டப்பாவோடு உங்கள் தெருவில் நாலு வீடு ஏறி இறங்குங்கள். உட்கார்ந்து பேசுங்கள். யாருக்கு என்ன தேவை என்பது அப்போதுதான் தெரியும். உங்கள் சபையில் இப்படி ஏதாவது நடந்துகொண்டிருந்தால் எழுதுங்கள், நாங்களும் கற்றுக்கொள்கிறோம்.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.