துவக்குக்கு வாத்தியார், மனிசருக்கு ஸ்லைடா?

மட்டக்களப்பில "ட்ரெயினிங்குக்குப் போயிட்டான்" எண்டு சொன்னா எங்கட அம்மாமார் இண்டைக்கும் ஒருகணம் பேசாம நிப்பாங்க. இயக்கத்துக்குப் போயிட்டான், இல்லாட்டிப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்க எண்டதுதான் இங்க அந்தச் சொல்லுக்கு அர்த்தம். அதனால பகுதிநேரப் படையினருக்குக் கணினிப் பயிற்சி நல்லதா, நேரடிப் பயிற்சி நல்லதா என்ற கேள்வியை நாங்கள் கொஞ்சம் கோணலாகத்தான் பார்க்கிறோம்.

கேள்வி ஒண்டும் தூரத்தில் இல்லை. 2011 மே மாதம் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்களை மூன்று வாரம் இராணுவ முகாம்களில் வைத்துத் "தலைமைத்துவப் பயிற்சி" கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் அமைச்சர் சரத் வீரசேகர, 18 வயது தாண்டிய எல்லோருக்கும் இராணுவப் பயிற்சி வேணும் என்றார். அப்ப கொரோனாக் காலம். (நடந்திருந்தால் அதையும் சூமிலதான் எடுத்திருப்பாங்களோ என்னவோ.) கட்டாயம் வேணாம் எண்டதில எங்களுக்குள்ள விவாதமே இல்லை. விரும்பிச் சேருறவரைப் பற்றித்தான் பேச்சு.

இலங்கையில் தொண்டர் படை 1881 இலேயே தொடங்கியது. தொண்டர் எண்டா வேறு வேலை பார்த்துக்கொண்டு இடையில பயிற்சிக்கு வாறவர். யுத்த காலத்தில் அவர்களையும் முழுநேரமாக இறக்கினார்கள். அமெரிக்க நேஷனல் கார்ட் வீரருக்கு வழக்கமாக மாதத்தில் ஒரு வார இறுதி, வருடத்தில் இரண்டு வாரம். இருக்கிற நேரமே அவ்வளவுதான். ஆகவே துவக்குக்கு ஆசிரியரை வைத்துக்கொண்டு, கட்டாயப் பாடங்கள் பலவற்றை ஆன்லைனுக்குத் தள்ளுகிறார்கள். கிளிக் பண்ணினா சான்றிதழ்.

துவக்கைத் திரையில் பழக்க ஏலாது. விரல் எங்க இருக்கு எண்டு பக்கத்தில நிண்டு பார்க்க ஆள் வேணும். வரைபடக் குறிகளுக்குக் கணினி போதும். விளங்காட்டித் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம், ஒருத்தரும் கத்தமாட்டாங்க. ஆனா ஒரு பொதுமகனை எப்படி மறிக்கிறது, எப்படிக் கேட்கிறது, என்ன செய்யவே கூடாது என்பதுக்கு? சூமில் கமராவை ஓஃப் பண்ணின வகுப்பு எப்படி இருக்கும் எண்டு எங்கட தலைமுறைக்கு ஆரும் சொல்லத் தேவையில்லை. வரவு முழுசா இருக்கும், ஆள் இருக்காது.

1990 செப்டெம்பர் 5, வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்த 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பவில்லை. இண்டைக்கு நாங்கள் லெக்சருக்குப் போற அதே வளாகம். வந்தவர்களுக்குத் துவக்குப் பயிற்சியில் குறை இருந்திருக்காது.

2019 ஏப்ரல் 21, சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்புக்குப் பிறகு செக்பொயின்ட்டுகள் திரும்பி வந்தன. "எங்க போறீங்க" என்ற வசனத்தை ஓர் அம்மம்மாவிடம் மரியாதையாவும் கேட்கலாம், வெருட்டியும் கேட்கலாம். தமிழ் பழக்குற ஆப் இரண்டுக்கும் சரி எண்டுதான் போடும்.

நேரடி ஆசிரியர் எண்டாத் தானாக நல்லது எண்டும் இல்லை. கெட்ட பழக்கமும் வாய்வழியாத்தான் கைமாறும். திரையில் உள்ள பாடம் எல்லா முகாமிலும் ஒரே மாதிரி இருக்கும், பிறகு எடுத்துப் பார்க்கவும் முடியும். ஆகவே பாடம் கணினியில் இருக்கட்டும். நடத்துறவர் சீருடை போடாத, இந்த ஊர்த் தமிழ் பேசுற ஓர் ஆசிரியராக இருக்கட்டும். பரீட்சையை அவருக்கு முன்னால நிண்டு செய்யட்டும். நேரம் காணாது எண்டா, அணிநடையில இருந்து எடுங்கோ.