இருபது பேரில் நாங்கள் இல்லை

2020 மே மாதம். சின்னசேலத்தில் எங்க காலனி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மார்ச் 19-ஆம் தேதியோடு படப்பிடிப்புகள் நின்றுபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. டி.வி.யில் செய்தி ஓடியது: சீரியல் படப்பிடிப்புக்கு அரசு அனுமதி, வீட்டுக்குள் மட்டும், அதிகபட்சம் 20 பேர். களை வெட்டிட்டு வந்த அம்மா கால் கழுவிக்கொண்டே கேட்டுச்சு: "அப்ப ஒன்னயும் கூப்புடுவாங்களாடா?"

தயாரிப்பு நிர்வாகிக்குப் போன் போட்டேன். "தம்பி, இருபது பேருதான். ஆளுங்கள எண்ணியாச்சு. நீ ஊர்லயே இரு."

எண்ணியாச்சு. இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

நடிகர்களை எண்ணினார்கள். இயக்குநரை, கேமராமேனை எண்ணினார்கள். எண்ணட்டும். ஆனால் அந்த இருபது பேருக்கும் டீ போட்டவன் யார்? அவர்கள் குடித்த டம்ளரைக் கழுவியவள் யார்? விட்டுப்போன பத்துப் பேர் வேலையை இரண்டு பேர் தலையில் கட்டினார்கள். மாதக் கடைசியில் இருபது அறுபதானது. அறுபதிலும் நான் இல்லை. மார்ச்சில் பார்த்த பன்னிரண்டு நாள் வேலைக்கு வரவேண்டிய 4,800 ரூபாயும் இன்றுவரை வரவில்லை. எழுத்தில் ஒரு வரி இல்லாதவன் யாரிடம் போய்க் கேட்பான்?

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். 2018-ல் கோயம்பேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வசனம் எழுதும் ஆசை இருந்தது. கிடைத்தது உதவி இயக்குநருக்கு உதவியாள் வேலை. தாளில் ஒன்பது மணி என்று போட்டிருக்கும். நான் ஆறு மணிக்கே வளசரவாக்கத்தில் படப்பிடிப்பு வீட்டு வாசலில் நிற்கணும். வசனத்தை ஜெராக்ஸ் எடுக்கணும். புடவை இஸ்திரிக்குப் போச்சா பார்க்கணும். கன்டினியூட்டி நோட்டு என் கையில்: நேற்று மாமியார் எந்தப் பொட்டு, தாலி வெளியே கிடந்ததா உள்ளே கிடந்ததா, பாதி குடித்த காபி எந்த மட்டத்தில் இருந்தது. அரைமணி எபிசோடு விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிஷம் வரும். அதை எடுத்து முடிக்க ராத்திரி பதினொன்று ஆகும். கூலி நாளுக்கு 400 ரூபாய். அந்த வீட்டுக்குள் இருந்த கக்கூஸ் எங்களுக்குக் கிடையாது. ஹேர் டிரஸ்ஸருக்கு ஒத்தாசையாக வந்த அக்கா மத்தியானம் தண்ணியே குடிக்காது. ஏன் என்று கேட்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு. வெட்கமாயிருக்கிறது.

கதாநாயகிக்குத் தமிழ் வராது. கேமராவுக்குப் பின்னால் நின்று நான் வசனத்தை எடுத்துக்கொடுப்பேன்; அவர் திருப்பிச் சொல்வார். ஒருநாள் ராத்திரி, தூக்கக் கலக்கத்தில் "வீட்டை விட்டு" என்பது என் வாயில் "ஊட்ட உட்டு" என்று வந்துவிட்டது. அவரும் அப்படியே சொன்னார். செட்டே சிரித்தது. "சேரி பாஷைய ஊர்லயே வச்சுட்டு வாடா" என்றது ஒரு குரல். அம்மா பேசுற தமிழ் அது. தொல்காப்பியம் படித்துப் பட்டம் வாங்கியவனுக்கு அன்று பதில் சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை.

சென்னையில சாதி எங்கப்பா இருக்கு என்று கேட்கிற தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காலையில் கேமராவுக்குப் பூஜை போட்டுத்தான் வேலை ஆரம்பம். கற்பூரத் தட்டை எல்லாருக்கும் நீட்டுவது என் வேலையாக இருந்தது. ஒருநாள் நிர்வாகி விசாரித்தார்: "சின்னசேலத்துல எந்தத் தெரு?" "காலனிங்க" என்றேன். அவ்வளவுதான். திட்டவில்லை, முறைக்கவில்லை. மறுநாள் காலையில் தட்டு வேறொருவன் கையில் இருந்தது. ஊரில் தனிக் குவளை வைத்தால் புகார் கொடுக்கலாம், வழக்குப் போடலாம். கை மாறிய தட்டுக்கு எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது?

சட்டமும் எங்களை எண்ணவில்லை. சினிமாத் தொழிலாளர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று சொன்ன 1981-ஆம் ஆண்டுச் சட்டம் முழுநீளக் கதைப்படத்தோடு நின்றுகொண்டது. சன் டி.வி. 1993-ல் வந்தது, பிறகு வந்த மெகா சீரியல்கள் வருஷக்கணக்கில் ஓடின. அந்தத் தொழிலாளி மட்டும் சட்டத்துக்கு வெளியே நின்றான். 2020-ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புதான் தொலைக்காட்சியையும் சேர்த்துக்கொண்டது. ஆள் எடுக்குமுன் எழுத்தில் ஒப்பந்தம் போடணும், அது மூளை வேலையோ கூலி வேலையோ, என்கிறது அது. நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21-ல். இந்தத் தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் இந்த ஒரு வரியை நாம் விடக்கூடாது.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சீரியலில் சேரி இல்லை என்று நாம் எழுதியிருக்கிறோம். மாமியார் மருமகள் கதை ஆதிக்க சாதிக் குடும்பத்தின் கதை என்று எழுதியிருக்கிறோம். உண்மைதான். 2024 ஜூனில் எங்க மாவட்டத்துக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தபோது கேமராக்கள் வரிசையாக வந்து நின்றன. பாடையும் ஒப்பாரியுமாகத்தான் நம் தெரு டி.வி.க்குத் தேவைப்படுகிறது என்று பேசினோம். அதுவும் உண்மை. ஆனால் அந்த கேமராவுக்கு ஒயர் பிடித்தவன் எந்தத் தெரு என்று நாம் கேட்டோமா? திரையில் யார் இல்லை என்று எண்ணினோம். திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எண்ணவில்லை. சீரியல் குப்பை என்று ஒதுக்கிவிட்டுப் போனோம். குப்பை அள்ளுகிறவர்களின் பிள்ளைகளான நாமே அப்படிச் செய்தோம். கருத்தரங்கில் பிம்ப அரசியல் பேசிய ஒரு தோழரிடம் என் 4,800 ரூபாய் கதையைச் சொன்னேன். "அது பொருளாதாரக் கோரிக்கை" என்றார். பசியை இரண்டாவது வரிசையில் உட்காரவைக்கிற அரசியல் எனக்குப் புரியவில்லை.

கேரளத்தில் பெண்கள் போராடி ஒரு கமிட்டியை வரவழைத்தார்கள். ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, படப்பிடிப்பில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பது அரசாங்கத் தாளில் ஏறியது. வளசரவாக்கத்துச் சீரியல் வீடுகளுக்கு எந்தக் கமிட்டி வந்தது?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வேலைக்குச் சேரும் அன்று எழுத்தில் ஒரு தாள். நேரத்துக்கு ஒரு வரம்பு, மீறினால் கூலி. எல்லாருக்கும் ஒரே கக்கூஸ், ஒரே பந்தி. டைட்டிலில் எங்கள் பெயர். எத்தனை பேர் எந்தெந்த வேலையில் இருக்கிறோம், அதில் நம் ஜனம் எத்தனை என்று ஒரு கணக்கு. அவர்கள் எடுக்கமாட்டார்கள். நாம்தான் எடுக்கணும்.

அந்த வேலையில் இருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இதழுக்கு எழுதுங்கள். பெயர் போடப் பயமாயிருந்தால் போடாமல் எழுதுங்கள். எந்த வேலை, எத்தனை மணி, எவ்வளவு கூலி, எவ்வளவு பாக்கி. அது போதும். முதல் கணக்கு என்னுடையது: 12 நாள், 4,800 ரூபாய்.