புறங்கையில் ஒரு பொட்டு

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் கிரீம் வாங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். புறங்கையில் ஒரு பொட்டு வைத்துத் தேய்ப்பார்கள். “ஐயோ, பிசுபிசுங்குது” என்றால் டப்பா திரும்ப அலமாரிக்கு. “பட்டு மாதிரி இருக்கு” என்றால் பைக்குள். அந்த ஒரு நிமிடத் தீர்ப்பை நம்பித்தான் கிரீம்களே தயாராகின்றன.

நாம் வாங்கும் பெரும்பாலான கிரீம்களில் பாதிக்கு மேல் தண்ணீர். மீதியில் இருக்கும் எண்ணெயும் கொழுப்பும் எந்தச் சூட்டில் உருகும் என்பதில்தான் விரலுக்குத் தெரியும் வித்தியாசம் பெரிதும் இருக்கிறது. தோலின் மேற்பரப்பு 32, 33 டிகிரி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். அதனால்தான் கிள்ளானில் அது எப்போதும் வழவழப்பு. கேமரன் மலைக் குளிரில் போத்தலுக்குள்ளேயே உறைந்துவிடும். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகுவதால் தோலில் பட்டதும் இளகும். ஸ்டியரிக் அமிலத்துக்கோ 69 டிகிரி வேண்டும். தோல் மேல் அது உருகாது. கிரீமிலுள்ள தண்ணீர் ஆவியானதும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக நின்றுவிடும், எண்ணெய் வழியாது. ‘வெனிஷிங் கிரீம்’ என்ற பெயர் வந்தது இப்படித்தான். 1975-இல் வந்து, 2020-இல் ‘குளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாறிய ஃபேர் அண்ட் லவ்லி இந்த வகை. அதற்கு மேல் பவுடர் பூசினால் திட்டுத்திட்டாக ஒட்டாமல் நின்றதை நம் அம்மாக்கள் அறிவார்கள்.

இந்தக் கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் பெருமளவு செம்பனையிலிருந்து கிடைப்பவை. தாத்தா குலை வெட்ட, பாட்டி உதிரிப் பழம் பொறுக்கிய அதே செம்பனை. டப்பாவின் பின்பக்கம் அது ஆங்கிலப் பெயரில் வருவதால் நமக்கு அடையாளம் தெரிவதில்லை.

கிளிசரின்தான் பிசுபிசுப்புக்கு முக்கியக் காரணம். ஆனால் தோலில் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். நாள் முழுக்க ஏர்கோனில் உட்கார்ந்து கை வறண்டு போகிறவருக்கு, அலமாரிக்குத் திரும்பிய டப்பாவே பொருத்தமாக இருந்திருக்கலாம். பட்டுப் போன்ற வழுக்கலைத் தருவது பெரும்பாலும் சிலிகோன். மெந்தால் சேர்த்த கிரீம் ‘சில்’லென்று இருப்பது நரம்புக்குத் தோன்றும் உணர்வு, தோலின் சூடு அப்படியேதான் இருக்கும். இதெல்லாம் ஏமாற்று இல்லை. நெய் விட்டால் கேசரி மணக்காதா, அது போல.

விரல் நம்மைக் கைவிடும் இடம் வேறு. சில வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் கண்டுபிடிக்கப்பட்டு, நம் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ. அவற்றின் அறிவிப்பை ரத்து செய்வது அடிக்கடி செய்தியாகிறது. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதைக் கலந்த கிரீமும் வெண்ணெய் மாதிரி வழுக்கும், ரோஜா மாதிரி மணக்கும். தொட்டுப் பார்த்துத் தெரியாது. என் கருத்தில், ஒரே வாரத்தில் நிறம் மாற்றுவதாகச் சொல்லும் எதையும் புறங்கையில்கூடத் தடவ வேண்டாம்.

டப்பாவில் ‘என்.ஓ.டி.’ என்று தொடங்கும் அறிவிப்பு எண்ணைப் பாருங்கள். என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தட்டினால் அது செல்லுமா என்று தெரியும். ஒன்று மட்டும்: அந்த எண் ஆய்வுக்கூடச் சான்றிதழ் இல்லை. நிறுவனம் தன் பொருளைப் பற்றி அறிவித்ததற்கான பதிவு. சோதனை பெரும்பாலும் பொருள் கடைக்கு வந்த பிறகுதான். அதனால் முன்பு வாங்கிய அதே கிரீம் என்றாலும், அடுத்த டப்பா வாங்கும்போது ரத்தானவற்றின் பட்டியலை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.